பட்டனை 'ரிமூவ்' செய்யாதீர்கள்

தமிழில் 'கழற்று' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பாதி வேலையை முடித்துவிடலாம். சட்டை, கண்ணாடி, சக்கரம், திருகாணி, எதுவானாலும் கழற்றுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எல்லாவற்றுக்கும் 'ரிமூவ்' என்று போட்டுவிடுகிறோம், சிக்கலே அங்கேதான். சட்டை பட்டனை ரிமூவ் செய்யச் சொன்னால், நூலை அறுத்துப் பட்டனையே பிய்த்து எடுக்கச் சொன்னதாகிவிடும். நீங்கள் சொல்ல வந்தது 'அன்பட்டன்'.

பொருள் எப்படி மாட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கட்டியிருந்தால் அன்டை, ஜிப் போட்டிருந்தால் அன்ஜிப், திருகியிருந்தால் அன்ஸ்க்ரூ. சட்டென்று வாயில் வரவில்லையா, 'அன்டூ' என்று சொல்லுங்கள். பட்டன், முடிச்சு, ஜிப் மூன்றுக்கும் பொருந்தும். ஆனால் சட்டையை அன்டூ செய்வது பட்டன்களை அவிழ்ப்பதோடு சரி, உடம்பிலிருந்து கழற்றுவதற்கு 'டேக் ஆஃப்' வேண்டும்.

அப்படியானால் எதற்கும் முன்னால் 'அன்' சேர்த்தால் போதுமா? போதாது. 'அன்வேர்' என்று யாரும் சொல்வதில்லை. கனெக்ட் செய்ததை டிஸ்கனெக்ட் செய்ய வேண்டும், அட்டாச் செய்ததை டிட்டாச் செய்ய வேண்டும். ஒரு மனிதரைப் பார்த்து 'அன்அட்டாச்ட்' என்றால் அவருக்குத் துணை இல்லை என்று அர்த்தம்.

அடிக்கடி கண்ணில் படுவது 'லூஸ்' குழப்பம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் இரண்டு 'ஓ' உள்ளது தளர்வாக இருப்பது, ஒரே 'ஓ' உள்ளது தொலைப்பது அல்லது தோற்பது, அதன் கடைசி ஒலியும் 'இசட்' போல வரும். தளர்த்துவதற்கு இந்த இரண்டுமே ஆகாது, 'லூஸன்' என்றுதான் சொல்ல வேண்டும். திருகாணியை லூஸன் செய்யச் சொன்னால் அது இடத்திலேயே இருக்கட்டும், கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று பொருள். செய்முறைக் குறிப்பில் இதைப் படித்துவிட்டு முழுதாகக் கழற்றினால் அது தாங்கியிருந்த பாகம் கையோடு வந்துவிடும்.

'அன்ஃபாஸன்' என்பதில் 'டி' எழுத்தில் உண்டு, உச்சரிப்பில் கிடையாது. 'செபரேட்' எழுதும்போது நடுவில் 'ஏ' வரும், 'இ' வராது. வினையாக வந்தால் செபரேட், 'தனியான' என்ற பொருளில் வந்தால் செப்ரட்.

அப்புறம் 'யுனைட்டட்' என்று தட்டும்போது கவனமாக இருங்கள். நடுவில் 'ஐ'யும் 'டி'யும் இடம் மாறினால் அது 'அன்டைட்', ஒன்றுபட்டது அவிழ்ந்துபோய்விடும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் பிழைதிருத்தி பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாது.