மண் முட்டியைக் கடைசியாகத் தொங்கவிடுங்கள்: ‘லவ் பேர்ட்ஸ்’ பெட்டை முட்டையிடும் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை வீட்டு விறாந்தைகளில் கீச்சிடும் ‘லவ் பேர்ட்ஸ்’ பெரும்பாலும் பட்ஜரிகர் என்னும் சிறு கிளிகள்தாம். ஒரு சோடி வாங்கப் போனால் கூண்டு, தினைப் பை, முட்டையிடுவதற்கான மண் முட்டி மூன்றையும் சேர்த்தே வாங்கிவருகிறோம். வந்த அன்றே மூன்றும் ஒன்றாக ஏறிவிடுகின்றன. பெட்டைக்குப் பிறகு நேரும் துன்பங்களில் பெரும்பகுதி அந்த அவசரத்தில்தான் தொடங்குகிறது.

முட்டிபோல இருட்டான, வாய் குறுகிய ஒரு பொந்து கண்ணில் பட்டால் போதும், பெட்டையின் உடல் முட்டைக்குத் தயாராகத் தொடங்கும். அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மழை பெய்து புல்விதை பெருகும்போது மரப்பொந்து தேடி முட்டையிடும் இனம் இது. நாமோ நாள் தவறாமல் தினை போடுகிறோம், பொந்தையும் எந்நேரமும் திறந்தே வைத்திருக்கிறோம். அதன் உடலுக்கு ஆண்டு முழுவதும் நல்ல காலம் என்றே தோன்றும். நாலைந்து மாதத்துக் குஞ்சுப் பெட்டைகூட முட்டையிட்டுவிடும். ஆனால் அதைத் தாங்கும் உடல் ஒரு வயதை நெருங்கும்போதுதான் வருகிறது. நெற்றிக் கோடுகள் அலகின் மேற்புறம்வரை இறங்கியிருந்தால் அது இன்னும் குஞ்சு. முட்டிக்கு இப்போது வேலை இல்லை.

கணக்கைப் பாருங்கள். பறவையின் எடை 35 கிராம் அளவில்தான். முட்டை ஒன்று சுமார் 2 கிராம். ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு முதல் ஆறு வரை இடும். ஐந்து முட்டை என்றால் பத்து நாளுக்குள் தன் எடையில் கால்வாசிக்கு மேல் வெளியே தள்ளுகிறது. ஓடு கிட்டத்தட்ட முழுவதும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கல்சியம் சேர்ந்தது. அது தினையிலிருந்து வருமா என்றால், வராது. தினையில் கல்சியம் மிகக் குறைவு. உணவில் கிடைக்காதபோது பெட்டை தன் எலும்பிலிருந்து எடுக்கும். அதுவும் போதாதபோது ஓடு மெலிந்து தோல்போல ஆகும், முட்டையைத் தள்ளும் தசைக்கும் வலு குறையும்.

தினையை மட்டும் போட்டு ‘நன்றாகத்தானே தின்கிறது’ என்று இருப்பதுதான் என் கணிப்பில் முதல் தவறு. இந்த ஊரில் அதற்குச் சாக்கே கிடையாது. மருந்தே கடற்கரையில் கிடக்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் நடந்தால் வெள்ளையாக, படகு வடிவில் ஒதுங்கியிருக்கும் கணவாய் ஓட்டைப் பார்க்காதவர் யார்? மீன் சந்தையில் கணவாய் வெட்டுபவரிடம் கேட்டாலும் எறிவதை எடுத்துத் தருவார். ஓட்டுக் கணவாயுடையதாகக் கேளுங்கள். ஊசிக் கணவாய்க்குள் இருப்பது கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய தண்டு, அது உதவாது. கொண்டுவந்ததை அப்படியே கூண்டில் செருகுவது இன்னொரு தவறு. கடலுப்பு அந்தச் சிறு உடலுக்கு ஆகாது. நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவிட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றி, பிறகு நன்றாக வெயிலில் காயவையுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் கடினமாகவும் இருக்கும். மறுபக்கம் நகம் பட்டாலே மாவாக உதிரும். அந்த மாவுப் பக்கம் பறவையைப் பார்த்திருக்க வேண்டும். முட்டையிடப் போகும் பெட்டை அதில் அலகால் வரிவரியாகச் சுரண்டிய தடம் தெரியும். தரையில் வெண்பொடி கொட்டியிருக்கும்.

கணவாய் ஓடு கிடைக்காத வேளையில் கோழிமுட்டை ஓட்டை அவித்து, உலர்த்தி, நொறுக்கி வையுங்கள். முருங்கை இலையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் விளையாடிக்கொண்டே தின்னும். பசளியை அதிகம் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள ஒட்சலேட் கல்சியத்தை உடலில் சேரவிடாது. அவகாடோ பழத்தை மட்டும் ஒரு துண்டுகூடக் காட்டாதீர்கள், அது கிளிகளுக்கு நஞ்சு. அவித்த முட்டையை மசித்து வைப்பது நல்லதுதான். ஆனால் நம்மூர் வெக்கையில் ஓரிரு மணிநேரத்தில் கெட்டுவிடும். காலையில் வைத்ததை மத்தியானம் வரை விட்டுவைப்பவர்கள் நன்மை செய்யவில்லை. இத்தனை கல்சியமும் உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அறைக்குள் கண்ணாடி யன்னலருகே விழும் வெயில் கணக்கில் வராது. காலை இளவெயில் நேராகப் படவேண்டும், கூண்டின் ஒரு பாதி நிழலாகவும் இருக்கவேண்டும்.

வெயில் என்றதும் கூரை நினைவுக்கு வருகிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தகரக் கூரைக்கு நேர் கீழே தொங்கும் முட்டிக்குள் பெட்டை எப்படி உட்காரும்? 18 நாள் அடைகாப்பது அதுதான். சேவல் வெளியே நின்று உணவூட்டும். சூடு தாங்காமல் பெட்டை வெளியே வந்துவிட்டால் கரு வெந்துபோகும். தகரத்தின் மேல் கிடுகு போடுங்கள், அல்லது அந்த மாதங்களில் சோடி சேர்க்கவே வேண்டாம். வாடைக்காற்று வேறு வகைத் தொல்லை. கார்த்திகை, மார்கழியில் மழைச்சாரலோடு வரும் ஈரக்காற்று நேராக அடித்தால், முட்டை வெளியே வராமல் பெட்டையின் உடலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. காற்று வரும் பக்கத்தைச் சாக்கால் மறைத்தால் போதும். முழுக் கூண்டையும் பிளாஸ்டிக்கால் பொதி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அது மூச்சையே அடைக்கும்.

முட்டியின் அடிப்பகுதி வழுவழுப்பாக இருந்தால் முட்டைகள் உருளும், குஞ்சுகளின் கால் விரியும். கொஞ்சம் மரச்சீவல் போடுங்கள். தச்சுப்பட்டறையின் நுண்ணிய தூள் வேண்டாம். பல சோடிகள் ஒரே கூண்டில் இருந்தால் சோடிகளைவிட அதிகமான முட்டிகளை ஒரே உயரத்தில் வையுங்கள். பெட்டைகள் முட்டிக்காகச் சண்டையிட்டு ஒன்றையொன்று கொன்றுவிடக்கூடும். எறும்புக்கு மருந்து தெளிக்காதீர்கள். கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய வழி, இன்றும் அதுவே சரி.

முட்டையிடுவதற்கு முன் எச்சம் பெரிதாக, நாற்றத்தோடு வரும். வயிற்றோட்டம் என்று பயந்து, மனிதருக்குக் கொடுக்கும் மாத்திரையை உடைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அப்படி எச்சம் வருவது இயல்புதான். முட்டையை எண்ணிப் பார்க்க நாளுக்கு ஐந்து தடவை முட்டியை இறக்குவதும் வேண்டாத வேலை. ஒரு வாரம் கழித்து, பெட்டை தானாக வெளியே வந்த நேரம் பார்த்து, முட்டையைக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பிடித்தால், கரு வளரும் முட்டையில் சிவப்பு இரத்தக் குழாய்கள் தெரியும். அந்த ஒரு தடவை போதும்.

இனி முக்கியமானது: முட்டை சிக்குதல். பெட்டை கூண்டின் தரையில் இறங்கி, இறகை உப்பிக்கொண்டு கண் சொருகிக் குந்தியிருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழுமாக ஆடும். முக்கும், ஒன்றும் வராது. சில வேளை ஒரு கால் இழுபடும். உள்ளே நிற்கும் முட்டை காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால் அப்படி, கால் முறியவில்லை. இந்த நிலையில் வீட்டில் செய்யும் இரண்டு காரியங்கள் பறவையைக் கொல்கின்றன. ஒன்று, விரலால் அழுத்தித் தள்ளப் பார்ப்பது. உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத் துண்டு கிழிக்கும், கிருமி பரவும். மற்றது, ஆமணக்கெண்ணெயோ தேங்காயெண்ணெயோ உள்ளே விடுவது. எண்ணெய் முட்டை நிற்கும் இடத்துக்குப் போவதே இல்லை. இறகில் ஊறி உடற்சூட்டைக் குறைப்பதுதான் மிச்சம்.

செய்ய வேண்டியது சூடு கொடுப்பது. சிறு அட்டைப் பெட்டியில் துணி விரித்து, ஒரு பக்கம் மட்டும் சூடாகும் 40 வாட் இழை மின்குமிழ் எரியவிடுங்கள். சுமார் 30 பாகை செல்சியஸ் வேண்டும். சூடு மிகுந்தால் மறுபக்கம் ஒதுங்க இடமும் இருக்கவேண்டும். அருகே ஈரத்துணி ஒன்று. அந்தப் பெட்டியோடே கால்நடை வைத்தியரிடம் புறப்படுங்கள். கல்சியம் ஊசி ஒன்றே பல பறவைகளுக்குப் போதுமானதாகிவிடுகிறது. மாலையில் கண்டுவிட்டு ‘விடியட்டும் பார்ப்போம்’ என்றால், விடியும்போது பறவை இருக்காது. பிழைத்த பெட்டைக்கு அந்த ஆண்டு முழுவதும் ஓய்வு. நல்ல நிலையில் உள்ளவற்றுக்கும் ஆண்டுக்கு இரண்டு ஈடு, அதாவது இரண்டு தடவை முட்டையிட்டுப் பொரிப்பது, போதும். குஞ்சுகள் வெளியேறியதும் முட்டியைக் கழற்றிவிடுங்கள்.

சேவலே இல்லாமல் தனியாக இருக்கும் பெட்டையும் முட்டையிடும். ‘குஞ்சு வராததுதானே’ என்று இட்டதை இட்டதும் எடுத்து எறிவார்கள். எறிய எறிய அது ஈடுசெய்ய மேலும் இடும், உடல் ஒட்ட உலரும். அந்த முட்டைகளை மூன்று வாரம் அதனிடமே விட்டுவையுங்கள். தானாகச் சலித்து விலகும். மாலையானதும் கூண்டை மூடி இருட்டு நேரத்தைக் கூட்டுங்கள், முதுகைத் தடவிக் கொஞ்சுவதை நிறுத்துங்கள். அப்படியும் ஓயாவிட்டால் வைத்தியரிடம் காட்ட வேண்டியதுதான்.