காலை வாருறது வேற, லெக் புல்லிங் வேற: இங்கிலீஷ் ஸ்லாங் கத்துக்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

ராயபுரம் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல வேலைக்கு சேர்ந்த புதுசு. கப்பல்ல இருந்து ஒரு வெள்ளைக்கார ஆபீசர் கையெழுத்து போட வந்து உக்காந்திருக்காரு, வெயில் மண்டைய பொளக்குது, மரியாதைக்கு "டீ சார்?"னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே "ஐம் குட்"னாரு. சரி, நல்லது கொண்டு வாங்கறாருன்னு நெனச்சு கீழ கடைக்கு ஓடிப்போய் ஸ்ட்ராங்கா ஒரு டீ வாங்கியாந்து வச்சேன். மனுஷன் டீயை பாக்குறாரு, என்னை பாக்குறாரு, "நோ நோ, ஐம் குட்"னு மறுபடியும் சொல்றாரு. நான் விடுவனா, "யெஸ் சார், வெரி குட் டீ"ன்றேன். கடைசில பக்கத்து சீட்டு அண்ணன்தான் "டேய், அவரு வேணாம்னு சொல்றார்டா"ன்னாரு. அந்த டீயை நானே குடிச்சேன்.

ஐம், குட், ரெண்டுமே ஒண்ணாங்கிளாஸ் வார்த்தை, கிராமர்லயும் ஒரு தப்பும் இல்ல, ஆனா மேட்டர் புரியல. இடியம், ஸ்லாங்னு சொல்றதெல்லாம் இதுதான். அதுக்கப்புறம் நானா ஒரு வழி கண்டுபுடிச்சு கத்துக்கிட்டேன், அதைத்தான் ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன். சின்ன சின்ன சென்டென்ஸ் பேச வந்தா போதும், இதை ஆரம்பிக்கலாம்.

ஸ்டெப் 1: லிஸ்ட்டை தூக்கி போடுங்க

"500 இடியம்ஸ்"னு வாட்ஸ்அப்ல சுத்துமே பிடிஎஃப், அதை டெலிட் பண்ணிடுங்க. அதுல மொத பக்கத்துலயே "ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" இருக்கும், இன்னிக்கு அதை யாரும் பெருசா பேச்சுல சொல்றதில்ல. மழை கொட்டோ கொட்டுனு கொட்டுனா பிரிட்டன்காரங்க "இட்ஸ் பக்கெட்டிங் டவுன்"னு சொல்வாங்க, பக்கெட்ல எடுத்து ஊத்துற மாதிரி.

அதுக்கு பதிலா ஒரு நோட்டு போடுங்க. இடது பக்கம் நீங்க ஒரு நாள் பூரா வாயால சொல்றத அப்படியே நம்ம பாஷையிலயே எழுதுங்க. "நான் ஜூட்டு", "பேஜாரா கீது", "மட்டை ஆயிட்டான்", "ரொம்ப சீன் போடுறான்". ஒரு நாளைக்கு மூணு போதும். வலது பக்கம் அதே இடத்துல அவங்க என்ன சொல்வாங்கன்னு தேடி எழுதணும். ஜூட்டுக்கு "ஐ காட்டா ரன்". பேஜாருக்கு "ஐம் ஃபெட் அப்", அது பக்கா மேட்ச், ஏன்னா பேஜார்ன்றதே உருதுல இருந்து வந்தது, அங்கயும் சலிச்சுப்போச்சுன்னுதான் அர்த்தம். (துட்டு டச்சுக்காரங்க செப்புக்காசோட பேரு, நம்ம கட்டுமரம் இங்கிலீஷுக்கு போய் கேட்டமரான் ஆயிடுச்சு. நம்ம ஏரியாவுக்கு பாஷை கலக்குறது ஒண்ணும் புதுசில்ல.)

மட்டை ஆயிட்டான்றதுக்கு "ஹி பாஸ்டு அவுட்". இங்கதான் உஷாரா இருக்கணும். நம்ம ஊர்ல இன்டர்வியூல "ஐ பாஸ்டு அவுட் இன் 2014"னு கெத்தா சொல்வோம், காலேஜ் முடிச்சேன்ற அர்த்தத்துல. வெளிநாட்டுக்காரன் காதுல அது 2014ல மட்டை ஆயிட்டேன்னு விழும். அவங்க கிட்ட "ஐ கிராஜுவேட்டட்"னு சொல்லிடுங்க.

ஸ்டெப் 2: தமிழ்ல இருக்குற கை காலை அப்படியே கொண்டு போகாதீங்க

இது ரொம்ப முக்கியம், நான் அதிகமா பல்ப் வாங்குனது இங்கதான். கூட இருந்தவன் ஒருத்தன் என் மேல பழிய போட்டுட்டான், அதை போன்ல ஒரு வெளிநாட்டு ஏஜென்ட் கிட்ட சோகமா "சார், ஹி புல்டு மை லெக்"னு சொல்லிட்டு இருக்கேன், அந்தாளு "ஹாஹா, குட் ஒன்"னு சிரிக்கிறாரு. நமக்கு காலை வாருறதுன்னா கூட இருந்தே கவுக்குறது. அவங்களுக்கு காலை இழுக்குறதுன்னா சும்மா கலாய்க்கிறது. அவ்ளோதான். நான் சொல்ல வேண்டியது "ஹி ஸ்டேப்டு (stabbed) மீ இன் தி பேக்", அதாவது முதுகுல குத்திட்டான். பாருங்க, முதுகு மட்டும் ரெண்டு பாஷையிலயும் ஒண்ணா இருக்கு, கால் மட்டும் மாறிப்போச்சு.

இதே மாதிரி வயித்தெரிச்சல். அடுத்தவன் வண்டி வாங்குனா நமக்கு வயிறு எரியும், அதை "ஹார்ட்பர்ன்"னு சொன்னா ஜெலுசில் குடிக்க சொல்வாங்க, பொறாமைக்கு "கிரீன் வித் என்வி". கை நீளம்னா "ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்", விரல்ல பசை ஒட்டியிருக்காம். காதுல பூ சுத்துறதுக்கு அவங்க கண்ணு மேல கம்பளிய இழுத்து விடுறாங்க, "புல்லிங் தி வுல் ஓவர் மை ஐஸ்". வார்த்தைக்கு வார்த்தை மாத்தாம, அந்த இடத்துல அவன் எந்த உறுப்ப பிடிக்கிறான்னு பாருங்க.

ஸ்டெப் 3: நமக்கு தெரிஞ்ச இடத்துல மாட்டி வைங்க

வடசென்னைக்காரனுக்கு பாக்ஸிங் சொல்லித் தரணுமா? இங்கிலீஷ்ல பாதி சண்டை இடியம் ரிங்குல இருந்து வந்ததுதான். கோச் துண்டை தூக்கி உள்ள போட்டா ஃபைட் முடிஞ்சுது, அதான் "த்ரோ இன் தி டவல்", முடியலப்பா விட்டுட்டேன்றது. பெல்ட்டுக்கு கீழ அடிக்கிறது ஃபவுல், பேச்சுலயும் ஒருத்தன் குடும்பத்த இழுத்து அசிங்கமா பேசினா "தட்ஸ் பிலோ தி பெல்ட்". கயித்துல சாஞ்சு அடி வாங்கிட்டு இருக்குறவன் "ஆன் தி ரோப்ஸ்". அடி விழுறதுக்குள்ள மணி அடிச்சு தப்பிச்சா "சேவ்டு பை தி பெல்", அதுக்கு சவப்பெட்டியில மணி கட்டுன கதை ஒண்ணு ஃபார்வேர்டு ஆகும், நம்பாதீங்க, அதுவும் ரிங்கு மணிதான்.

காசிமேடு பக்கம் வாங்க. "வி ஆர் இன் தி சேம் போட்", உனக்கும் எனக்கும் ஒரே கதிதான். "ஐ மிஸ்டு தி போட்", சான்ஸ் போச்சு. தூண்டில், கயிறு, ஈயக்குண்டு எல்லாத்தையும் சேத்து முழுங்குன மீன் மாதிரி ஒருத்தன் சொன்ன பொய்ய முழுசா நம்பிட்டா "ஹூக், லைன் அண்ட் சிங்க்கர் (sinker)". ஏதோ நாத்தம் அடிக்குதேன்னு டவுட் வந்தா "சம்திங்ஸ் ஃபிஷி". எங்க பக்கம் அதை நல்ல வாசனைன்னு எடுத்துப்பாங்க, அது வேற.

ஸ்டெப் 4: காதுக்கு டிரெய்னிங்

"வந்துக்கொண்டு இருக்கிறான்"ன்றத நாம "வந்துகினுகீறான்"னு சுருக்குறோம்ல, அவங்களும் அதே வேலையத்தான் பண்றாங்க. கோயிங் டு வந்து "கானா" (நம்ம கானா பாட்டு இல்ல), வான்ட் டு வந்து "வானா", டோன்ட் நோ வந்து "டனோ". யூகிளிஷ்னு (YouGlish) ஒரு சைட் இருக்கு, அதுல ஒரு சொல்ல போட்டா ஜனங்க அதை நெஜமா பேசுற யூடியூப் வீடியோவ அந்த செகண்ட்ல இருந்தே ஓட விடும். பத்து பேர் சொல்றத கேளுங்க, அப்புறம் நீங்களே வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணி போட்டு பாருங்க.

ஸ்டெப் 5: யார் கிட்ட எது

சாவு வீட்ல போய் "உங்க அப்பா மண்டைய போட்டாரா"ன்னு கேப்பீங்களா? "கிக் தி பக்கெட்" அதே ரகம். அங்க "பாஸ்டு அவே", அதான் காலமானார். பாஸ்டு அவுட், பாஸ்டு அவே, ஒரு சொல்லுதான் மாறுது, ஆள் எழுந்திருப்பானா மாட்டானான்றது அதுல இருக்கு. கேம்பிரிட்ஜ் டிக்ஷனரி சைட்ல ஒரு சொல் பக்கத்துல இன்ஃபார்மல், ஓல்டு ஃபேஷன்டு, அஃபென்சிவ்னு குட்டியா போட்டிருப்பான், அர்த்தத்துக்கு முன்னாடி அதை படிங்க.

ஊரும் பாக்கணும். மீட்டிங்ல ஒரு மேட்டர "டேபிள் பண்ணலாம்"னா பிரிட்டன்காரனுக்கு இப்பவே பேசலாம், அமெரிக்காக்காரனுக்கு அப்புறம் பாத்துக்கலாம். சின்ன பசங்க "தட்ஸ் சிக்"னா பதறாதீங்க, நம்ம "மரண மாஸ்" மாதிரி பாராட்டுதான்.

கடைசியா அந்த நோட்டு. எழுதுன ஒவ்வொண்ணும் வெளிய எங்கயாவது காதுல விழுந்தா பக்கத்துல ஒரு டிக் போடுங்க, மூணு டிக் விழுந்தா மட்டும் வாயில எடுங்க. என் நோட்டுல "ஐம் குட்"டுக்கு டிக் போட இடமே இல்ல. "கேட்ஸ் அண்ட் டாக்ஸ்"க்கு இத்தனை வருஷத்துல ஒரே ஒரு டிக்கு, அதுவும் பொண்ணோட ஸ்கூல் புக்ல பாத்தது.