தேன்குழல் டின்னும் மருந்துக் குப்பியும்

காரைக்குடியில் எங்கள் ஆச்சி, தேன்குழல் டின்னைத் திறந்ததும் ஒன்றை ஒடித்துப் பார்ப்பார். நமுத்திருந்தால் மூடி சரியில்லை. ஓட்டையைத் தேட மாட்டார். உள்ளே போன காற்றுதான் அவருக்குச் சாட்சி. மருந்து ஆலையின் தரப் பரிசோதனையில் நான் செய்வதும் அதுதான், என்ன, குப்பியைத் திறக்காமலே.

நைட்ரஜன் நிரப்பியோ வெற்றிடத்திலோ மூடிய கண்ணாடிக் குப்பிகளுக்கு இந்தக் கசிவுச் சோதனை நன்றாகப் பொருந்தும். மருந்துக்கு மேலுள்ள காலி இடத்தின் வழியே சுமார் 760 நானோமீட்டர் அலைநீள லேசர் ஒளியைச் செலுத்துகிறோம். ஆக்சிஜன் அந்த ஒளியில் கொஞ்சத்தை விழுங்கும். விழுங்கியதை வைத்து உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் என்று கணக்கிடலாம். கூடியிருந்தால் காற்று நுழைந்திருக்கிறது, குப்பி கசிகிறது.

முதலில், ஆக்சிஜன் அளவு தெரிந்த, அதே வகைக் குப்பிகளால் கருவியைச் சரிபாருங்கள். லேசர் பாதையில் நைட்ரஜன் ஓடட்டும், இல்லையேல் அறைக்காற்றில் இருக்கும் 21 சதவீதமும் கணக்கில் சேரும். குப்பியைத் துடைத்து வையுங்கள். சில மைக்ரான் துளையிட்ட குப்பிகளையும் கூடவே சோதியுங்கள். அவை மாட்டாவிட்டால் சோதனையே செல்லாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் துளைக் குப்பியை மூடிய கையோடு அளந்தேன். சரி, கசிவில்லை என்று எழுதியும் விட்டேன்! நைட்ரஜன் குப்பியில் அழுத்த வித்தியாசம் இல்லை, காற்று மெல்லத்தான் நுழையும். துளையின் அளவைப் பொறுத்து மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். டின்னும் மூடிய அன்றே நமுக்காதே.

மைனஸ் 80 டிகிரியில் வைக்கும் மருந்தென்றால் கூடுதல் கவனம். ரப்பர் மூடி விறைத்து இடைவெளி விடலாம், வெளியே எடுத்ததும் மறுபடி இறுகிவிடும். நுழைந்த வாயு உள்ளேயே இருக்கும், அதை அளந்து பிடித்துவிடலாம்.