கடைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

மதுரையில் ஓட்டல், பலகாரக் கடை, மாவுக் கடை வைத்திருப்பவரைத் தேடி இரண்டு அதிகாரிகள் வருவதுண்டு. மாநகராட்சி சுகாதார ஆய்வாளர் குப்பை, கழிவுநீர், தொழில் உரிமம் எல்லாம் பார்ப்பார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேறு துறை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, மாவட்ட நியமன அலுவலருக்குக் கீழே வேலை பார்ப்பவர். ஒருவரிடம் வாங்கிய சான்று மற்றவருக்குச் செல்லாது. இந்தக் குறிப்பு இரண்டாமவர் வரும்போது செய்ய வேண்டியவை பற்றி.

படி 1: கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபைல்

உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கிய பதிவுச் சான்றோ உரிமமோ, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அதிலுள்ள 14 இலக்க எண்ணை 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அச்சிட வேண்டும். ஃபைலில் மூன்று தாள்கள் வையுங்கள்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர்களுக்கு எடுத்த மருத்துவச் சான்று, பூச்சி மருந்து அடித்த பதிவு.

பெரும்பாலும் சிக்கல் வருவது மருத்துவச் சான்றில்தான். பரோட்டா மாஸ்டர் மாறி மூன்று மாதம் ஆகியிருக்கும், ஃபைலில் பழையவர் சான்றே இருக்கும். தண்ணீரிலும் இதே கதை: பரிசோதித்தது குழாய்த் தண்ணீர், சமைப்பது லாரித் தண்ணீர். எதில் சமைக்கிறீர்களோ அதையே பரிசோதனைக்குக் கொடுங்கள்.

படி 2: அடுப்படி

அலுவலரின் சரிபார்ப்புப் பட்டியலில் சில கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி உண்டு. மற்றவற்றில் மதிப்பெண் குறையும். நட்சத்திரக் கேள்வியில் தவறினால் கடையே விதிப்படி நடக்கவில்லை என்றாகலாம். ஆகவே சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முன் வெப்பநிலையைச் சரிசெய்யுங்கள். சூடாகப் பரிமாறும் சைவ உணவு 65 டிகிரி, அசைவம் 70 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குள். தோசைக்கல் ஓரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும் சால்னா இந்தக் கணக்கில் தேறாது, கிருமி பெருகத் தோதான சூடு அதுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குத்தும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் பச்சைக் கறி கீழ்த்தட்டில், வெந்தது மேல்தட்டில். மாற்றி வைத்தால் கறியின் ரத்தநீர் வெந்த உணவில் சொட்டும். பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அலுவலர் மீட்டரை விட்டே பார்ப்பார். பழைய எண்ணெயில் புதியதைக் கலந்து இந்த அளவைக் குறைப்பது கொஞ்ச நேரம்தான் தாங்கும். சில்லி சிக்கனுக்குச் செயற்கை நிறம் அறவே கூடாது. வடையைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டதே.

படி 3: மாதிரி எடுக்கும்போது

இங்குதான் பலர் பதறிப்போய்த் தங்கள் உரிமையை விட்டுவிடுகிறார்கள். மாதிரி எடுப்பதற்கு முன் அலுவலர் உங்களுக்கு 5ஏ படிவத்தில் எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும். எடுத்த பொருளுக்கு நீங்கள் விற்கும் விலையை அவர் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ளுங்கள், மரியாதைக்காக மறுக்காதீர்கள்.

மாதிரி நான்கு பங்காகும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. மதுரையிலேயே அரசு ஆய்வகம் இருக்கிறது. இரண்டு பங்கு நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம், கட்டணம் உங்களுடையது. அப்போதே, எழுத்தில் கேளுங்கள். இரண்டு ஆய்வக முடிவுகளும் வேறுபட்டால் ஒரு பங்கு மேல் ஆய்வகத்துக்குப் போகும், அதன் முடிவே இறுதி. கேட்காமல் விட்டால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

ஒவ்வொரு பங்கும் உங்கள் கண் முன்னே கட்டி, அரக்கு முத்திரை வைக்கப்பட வேண்டும். காகிதச் சீட்டிலும் உறையிலும் பாதி பாதி விழும்படி உங்கள் கையெழுத்து வாங்குவார்கள். கையெழுத்துப் போட மறுப்பதால் லாபமில்லை; சாட்சி வைத்து வேலையை முடித்துவிடுவார்கள்.

படி 4: நாட்களை எண்ணுங்கள்

மாதிரி கிடைத்த 14 நாளில் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். பாதகமான அறிக்கை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 8ஆம் படிவத்தில் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். தபால் உறையைக் கிழித்துப் போடாதீர்கள். நாள் முத்திரைதான் ஆதாரம்.

மாதிரி எடுக்காமல் மேம்பாட்டு அறிவிப்பு மட்டும் வந்தால், குறைகளைச் சரிசெய்யக் குறைந்தது 14 நாள் உண்டு. சரிசெய்த படங்கள், வாங்கிய பொருட்களின் பில், புதிய அறிக்கைகள் வைத்துப் பதில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் உரிமம் நிறுத்தி வைக்கப்படலாம். அறிவிப்பே தவறு என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். அதற்கு 15 நாள், அல்லது அறிவிப்பில் உள்ள கெடு, எது முன்னால் முடிகிறதோ அது.

படி 5: அபராத விசாரணை

தரக்குறைவு, தவறான லேபிள் போன்றவை மாவட்ட வருவாய் அலுவலர் முன் வரும். தரக்குறைவுக்கு 5 லட்சம், லேபிள் குற்றத்துக்கு 3 லட்சம், சுகாதாரமற்ற தயாரிப்புக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். உண்ணத் தகாதது என்று அறிக்கை வந்தால் கதை வேறு, நீதிமன்றம் போகும். அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

லேபிளில் சிக்குவது பெரும்பாலும் இட்லி மாவு, முறுக்கு பாக்கெட்டுகள். தயாரித்த தேதி, பயன்படுத்தும் கெடு, எடை, சேர்மானம், முகவரி, 14 இலக்க எண், சைவத்தைக் காட்டும் பச்சைக் குறி ஆகியவை அதில் வேண்டும். வெறும் கவரில் ரப்பர் பேண்ட் போட்டு அடுத்த கடைக்கு அனுப்பினால், அங்கே மாதிரி எடுத்தாலும் விசாரணை உங்களைத் தேடித்தான் வரும்.