லோன் பாக்கி என்று போன் வந்தால்: செய்யக்கூடாத தவறுகள்

கொருக்குப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தருவேன். போன வாரம் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் கடைக்கு வந்து போனை நீட்டினார். வாட்ஸ்ஆப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "உங்க பேர்ல லோன் பாக்கி இருக்கு, ஆறு மணிக்குள்ள கட்டலைன்னா வீட்டுக்குப் போலீஸ் வரும்." அக்கா எந்த லோனும் வாங்கியதில்லை. ஆனாலும் 1,500 ரூபாய் அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் செய்தேன். ஓடிபி சொல்லாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் கேட்டுச் சலித்தது. அதற்குள் போகவில்லை.

தொல்லை விட்டால் போதும் என்று கொஞ்சம் கட்டுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

தவணையில் ஒரு போன் வாங்கி, முழுவதும் கட்டி முடித்திருந்தேன். பேசியவனுக்கு அந்த போனின் மாடல், என் தெரு, அப்பா பெயர் எல்லாம் தெரிந்திருந்தது. "கடைசித் தவணைக்கு அபராதம் 1,850 நிக்குது சார்" என்றான். சனிக்கிழமை சாயங்காலம், ஹால் டிக்கெட் எடுக்கக் கடையில் பிள்ளைகள் கூட்டம். 1,850-க்காக இவனோடு யார் மல்லுக்கட்டுவது என்று நினைத்தேன். அனுப்பிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கம்பெனி பெயர் இல்லை. அதைப் படித்தேன், படித்த பிறகும் பின் நம்பரை அழுத்தினேன்.

திங்கட்கிழமை வேறு நம்பர். வக்கீல் ஆபீஸாம். கடன் முடிந்தது என்று தரும் என்ஓசி சான்றிதழ் வாங்க 3,200. கடன் இல்லை என்று நான் சொன்னதும் அவன் கேட்டது: "இல்லைன்னா அன்னிக்கு ஏன் சார் கட்டினீங்க?" நான் கட்டிய பணத்தையே எனக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டான். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் அதையும் கட்டினேன். பிறகு இன்னொரு 2,500. மொத்தம் 7,550 ரூபாய். கடன் முடிந்த என்ஓசி தாள் அத்தனை நாளும் என் வீட்டு பீரோவில் கிடந்தது. எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

கட்டினால் விட்டுவிடுவார்கள் என்பது நம் நினைப்பு. அவர்களுக்கோ, மிரட்டினால் பணம் வரும் ஆள் இவர் என்பது அப்போதுதான் உறுதியாகிறது. பத்து ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கடன் கொடுத்தது யார், கணக்கு எண் என்ன, எந்தத் தேதியில் எந்தக் கணக்கில் பணம் போட்டீர்கள் என்று கேளுங்கள். ஆப் வழியாக வாங்கும் கடன் என்றால், 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி திருப்பிக் கட்டும் பணம் கடன் கொடுத்த நிறுவனத்தின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். எவனோ ஒருவனுடைய ஜிபே நம்பருக்குப் போகக் கூடாது.

சந்தேகம் தீரவில்லையா? யார் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் சிபில் உட்பட நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். எடுத்துப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால், அந்த நிறுவனத்துக்கும் கடன் கொடுத்தவருக்கும் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள்.

போலீஸ் என்றதும் நடுங்குவது

கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விஷயம். அதற்காக மட்டும் யாரையும் கைது செய்ய முடியாது. செக் பவுன்ஸ் வேறு வழக்கு. அதற்கும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும். வீடியோ காலில் கைது செய்வதற்குச் சட்டமே கிடையாது.

"உங்க மச்சான் உங்க நம்பரைத்தான் கொடுத்திருக்கார்"

கொடுத்திருக்கட்டும். கடன் வாங்கிய மச்சான் உங்கள் நம்பரைக் கொடுத்ததால் மட்டும் நீங்கள் ஜாமீன்தாரர் ஆகிவிட மாட்டீர்கள்.

மிரட்டல் மெசேஜை அழிப்பது

அழிக்காதீர்கள். புகார் கொடுக்க அதுதான் சாட்சி.

உண்மையான கடனையும் போலி என்று ஒதுக்குவது

இதுவும் நடக்கிறது. நிஜமாகவே தவணை பாக்கி இருந்தால், பாஸ்புக்கிலோ கடன் பத்திரத்திலோ உள்ள நம்பருக்கு நீங்களே பேசுங்கள். அழைத்தவன் தரும் நம்பர் வேண்டாம். வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வீட்டுக்கு வந்தால் அடையாள அட்டையையும் வங்கி கொடுத்த கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பணம் போன பிறகு நாளைக்குப் பார்க்கலாம் என்பது

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கை மாறுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. நான் மூன்று வாரம் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

அக்கா அனுப்பி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவர் போனில் பரிவர்த்தனையைத் திறந்து, அந்தப் பணம் போனதற்கான அடையாளமான 12 இலக்க யூடிஆர் எண்ணை அக்காவின் கூடையில் இருந்த கணக்கு நோட்டில் எழுதினேன். என் போனில் 1930-க்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் போன் அடித்தது. புது நம்பர்.

"எடுக்கட்டா தம்பி?"

"வேணாம்க்கா. நம்பரை மட்டும் அதுக்குக் கீழேயே எழுதிடுங்க."