சிலிக்கா கண்ணாடி: சூடேற்றுவதிலும் அயனி செலுத்துவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாணவி தன் தரவுகளைக் கொண்டுவந்தார். 1100, 1250, 1400 டிகிரி செல்சியஸில் சூடேற்றிய மூன்று சிலிக்கா மாதிரிகள், மூன்றிலும் ஒரே அளவு அயனிக் கதிர்வீச்சு. மூன்றும் ஒன்றுபோலவே மாறியிருந்தன. "வெப்பப் பதப்படுத்தலால வித்தியாசம் இல்லன்னு எழுதிடலாமா சார்?" என்றார்.

"உலையிலிருந்து எப்படி எடுத்தீங்க?"

"ஆஃப் பண்ணிட்டு, மறுநாள் காலையில."

பல வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் செய்தேன். மாதிரிக்குப் பெயரிடுவது, தடிமனைக் குறித்துவைப்பது எல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

உலைக்குள்ளேயே ஆறவிடுவது

உலையின் திரையில் தெரியும் எண் கண்ணாடியின் எண் அல்ல. கண்ணாடியின் கட்டமைப்பு எந்த வெப்பநிலைத் திரவத்தின் கட்டமைப்பாக உறைந்து நிற்கிறதோ, அதுதான் அதன் ஃபிக்டிவ் வெப்பநிலை. டூல் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த கருத்து இது. 1400 டிகிரியில் வைத்த மாதிரியை மெல்ல ஆறவிட்டால், இறங்கும் வழியெல்லாம் அதன் பிணைப்புகள் தங்களை மாற்றியமைத்துக்கொண்டே வரும். கடைசியில் 1100-ல் வைத்த மாதிரிக்கு அருகிலேயே போய் உறையும். ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்–ஹைட்ரஜன் இணை) அதிகமுள்ள கண்ணாடி இன்னும் வேகமாகத் தளரும் என்பதால் அதில் வித்தியாசம் மிஞ்சவே மிஞ்சாது. மூன்று மாதிரி என்று நினைத்து ஒரே மாதிரியை மூன்று முறை அளந்திருப்பீர்கள்.

ஏன் ஆறவிடுகிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் உடைந்துவிடும் என்ற பயம். அது ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து வந்த பயம். சிலிக்கா ஒரு டிகிரிக்குக் கோடியில் ஐந்தரைப் பங்குதான் விரியும். ஒரு மில்லிமீட்டர் துண்டைச் சிவக்கச் சிவக்க எடுத்துத் தண்ணீரில் போடலாம். இதோடு இன்னொன்று: வெப்பநிலை குறையக் குறையக் காத்திருக்கும் நேரம் பலமடங்கு கூடும். 1400-ல் நிமிடங்களில் முடிவது 1100-ல், அதுவும் ஹைட்ராக்சில் குறைந்த கண்ணாடியில், வெகுநேரம் இழுக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே இரண்டு மணி நேரம் என்று வைக்காதீர்கள்.

தொடக்கநிலை ஏன் இவ்வளவு முக்கியம்? ஃபிக்டிவ் வெப்பநிலை கூடினால் பெரும்பாலான கண்ணாடிகள் அடர்த்தி குறையும். சிலிக்கா இந்த வரம்பில் அடர்த்தி கூடும். அதன் அணு வலைப்பின்னலில் மூன்று, நான்கு சிலிக்கான் அணுக்கள் கொண்ட சிறு வளையங்கள் பெருகும். சிதறும் லேசர் ஒளியில் அணு அதிர்வுகளைக் காட்டும் ராமன் நிறமாலையில் 606, 495 அலையெண் (ஒரு செ.மீ.க்கு எத்தனை அலை) கோடுகள் உயரும். அயனிகளும் அதே திசையில்தான் தள்ளுகின்றன: சராசரியாக 144 டிகிரியில் இருக்கும் சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் கோணம் சுருங்குகிறது, சிறு வளையங்கள் பெருகுகின்றன. அந்த வழியில் ஏற்கெனவே கொஞ்சதூரம் போய்விட்ட கண்ணாடி அயனிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் நம் கேள்வி. எங்கிருந்து கிளம்பியது என்றே தெரியாவிட்டால் கேள்வியே இல்லை.

எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த இரண்டு நாள் பீம் டைம் (அயனி முடுக்கியில் ஒதுக்கப்படும் நேரம்) எனக்கு அப்படித்தான் போனது. இன்றும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் அரைமணி நேர அகச்சிவப்பு அளவீடு அதைக் காப்பாற்றியிருக்கும். 2260 அலையெண் அருகிலுள்ள பட்டை 1100-க்கும் 1400-க்கும் இடையே ஏறக்குறைய 6 அலையெண் கீழே நகர வேண்டும். நகரவில்லை என்றால் மாதிரியை முடுக்கிக்கு அனுப்பாதீர்கள். அந்த மாணவியின் மாதிரிகளில் மிச்சமிருந்த கதிர் படாத துண்டுகளை அன்றே அளந்தோம். மூன்று பட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன.

எடுத்த எடுப்பில் அதிக அயனி டோஸ்

வெப்பம் தரும் அடர்த்தி மாற்றம் ஒரு விழுக்காட்டிலும் மிகக் குறைவு. அயனிகள் 3 விழுக்காடு வரை இறுக்கிவிட்டு அங்கே நிற்கும். அதன் பிறகு பழைய வெப்ப வரலாற்றைத் தேடுவது வீண். குறைந்த டோஸிலிருந்து படிப்படியாகப் போங்கள்.

முழுத் தடிமனையும் அளப்பது

2 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஹீலியம் அயனி 7 மைக்ரோமீட்டர் அளவில் நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டர் துண்டின் ஊடாக ஒளியை அனுப்பினால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அயனி தொடாத கண்ணாடியை. கதிர்வீச்சுக்கு முன் 2260 பட்டை சரி. பின்பு பிரதிபலிப்பில் 1122 அருகிலுள்ள பட்டைக்கு மாறுங்கள். அயனி போகும் ஆழத்தை அதற்கென உள்ள ஸ்ரிம் (SRIM) என்ற கணினி நிரலில் முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

அயனி எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது

ஹீலியமும் தங்கமும் ஒன்றல்ல. அணுக்கருவில் மோதி இழக்கும் ஆற்றலையும் எலக்ட்ரான்களிடம் இழக்கும் ஆற்றலையும் பிரித்து எழுதுங்கள்.

கைரேகை

வியர்வையின் சோடியம் பட்ட இடத்தில், சூடேற்றும்போது கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகம் வளரும். இடுக்கியால் மட்டும் தொடுங்கள்.

உறிஞ்சல் போனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புவது

கதிர்வீச்சுக்குப் பின் சில நூறு டிகிரியில் சூடேற்றினால் புற ஊதாவில் 215 நானோமீட்டர் உறிஞ்சல் மறையும். மறைந்தது புள்ளிக் குறைகள் மட்டுமே. இறுகிய வலைப்பின்னல் தளர இன்னும் வெகுதூரம் சூடேற்ற வேண்டும். அதே மாதிரியை ராமனில் வைத்துப் பாருங்கள், 606 கோடு இன்னும் உயர்ந்தே நிற்கும்.