கார்க் கண்ணாடியில் படிந்த உப்புக் கறையை நீக்கும் முறை

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலைதோறும் நடப்பது இது: வண்டி துடைப்பவர் ஒரு வாளி போர் தண்ணீரைப் பிடித்து, துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார், ஈரம் தானாகக் காய்கிறது, வெயில் ஏறியதும் வெள்ளை வட்டங்கள் தெரிகின்றன. பகலில் அவை அழுக்காக மட்டுமே தோன்றும். இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி, சாலையைக் கடப்பவரை ஒரு கணம் மறைத்துவிடும் என்பதால்தான் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

உப்புக் கறை என்று நாம் சொன்னாலும், வெறும் சமையல் உப்பாக இருந்தால் அது தண்ணீரிலேயே கரைந்துபோயிருக்கும். நீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியம் பைகார்பனேட்டுகள், நீர் ஆவியாகும்போது கரையாத கார்பனேட்டாக மாறிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கின்றன. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவும் இதுவே. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை, அதாவது இந்தச் சுண்ணாம்புப் பொருளின் அளவை, ஏற்கத்தக்கது என்கிறது. அந்த அளவிலேயே 10 லிட்டர் வாளி ஒன்றில் 2 கிராம் சுண்ணாம்புப் பொருள் இருக்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீரே இப்படியென்றால், உவர்ப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இதைத் தேய்த்து எடுக்க முயலாமல், கரைத்து எடுப்பதே சரியான வழி. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்துக்கொள்ளலாம். வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடியைத் தொட்டால் சூடு தெரியாத விடியற்காலையிலோ மாலையிலோ தொடங்குங்கள். முதலில் ஷாம்பூ கலந்த நீரால் மண்ணையும் தூசியையும் முழுவதும் கழுவிவிட வேண்டும். இதைத் தவிர்த்தால் பின்னால் தேய்க்கும்போது மணல் துகள்களே கண்ணாடியைக் கீறும். பிறகு டிஷ்யூ பேப்பரை வினிகரில் நனைத்து, கறையின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். படிவு தடிமனாக இருந்தால், தாளின் ஓரத்தில் ஊசிமுனையளவு குமிழ்கள் எழுவதைக் குனிந்து பார்த்தாலே காணலாம்; அமிலம் கார்பனேட்டைக் கரைக்கையில் வெளியேறும் கரியமில வாயு அது. தாள் காய்ந்துவிடாமல் இடையிடையே நனைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதன்பின் மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பழைய கறைக்கு இதையே இரண்டு மூன்று முறை செய்ய நேரும். கதவுக் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினால், ரப்பருக்குள் மறைந்திருக்கும் மேல்விளிம்பும் கைக்கு எட்டும். வினிகர் பெயிண்டிலோ மார்பிள் தரையிலோ வழிந்தால் தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.

கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் எந்த நிலையிலும் தொடாதீர்கள். ஒரு வாட்டர் வாஷ் கடையில் என் வண்டிக்கு அப்படி ஏதோ ஒன்றைத் தெளித்தார்கள். கறை போனது உண்மைதான், ஆனால் கண்ணாடியைச் சுற்றியிருந்த கறுப்பு ரப்பர் சாம்பல் பூத்துப்போய் இன்றுவரை மீளவில்லை. அதைவிடக் கொடியவை ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் கலந்த திரவங்கள். அவை கண்ணாடியையே அரிப்பவை. தோலில் பட்டால் உள்ளே ஊடுருவி ஆழமான காயம் உண்டாக்குபவை.

வினிகருக்குப் பின்னும் நகத்தால் வருடும்போது சொரசொரப்புத் தட்டுப்பட்டால், கண்ணாடியைச் சோப்பு நீரால் நனைத்துக்கொண்டு களிமண் கட்டியால் மெதுவாகத் தேய்க்கலாம். கார் அழகுப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிளே பார் என்று கேட்டால் கொடுப்பார்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கூடவே கூடாது. பின்கண்ணாடியின் உட்புறத்தில் சூடேற்றும் மெல்லிய கோடுகள் ஓடுவதால், அங்கே ஈரத் துணியைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

நகத்துக்கு வழவழப்பாக இருந்தும் வட்டம் தெரிகிறது என்றால், நீர் கண்ணாடியின் மேற்பரப்பையே அரித்துவிட்டது என்று பொருள். இனி எந்த அமிலமும் உதவாது. சீரியம் ஆக்சைடு தூளைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் வட்டு பொருத்திய பாலிஷ் இயந்திரத்தால், ஈரம் குறையாமல் தேய்த்தால் லேசான அரிப்பு மறையும். ஆனால் முன்கண்ணாடியில் ஓட்டுநரின் பார்வை செல்லும் பகுதியில் நீங்களே இதைச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே இடத்தில் அதிகம் தேய்த்துவிட்டால் அந்த இடம் குழிந்து, சாலை நெளிந்து தெரியும்.

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரைச் சேர்த்து வண்டி கழுவும் வீடுகள் இங்கே நிறைய. பிரித்தெடுத்த உப்புகளெல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கின்றன என்பதால், கண்ணாடிக்கு அதைவிடக் கெட்ட தண்ணீர் வீட்டில் இல்லை. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் நீர் காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டானது. அதில் சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரவெல்லாம் ஒரு வாளி வைத்தால் சில லிட்டராவது சேரும். அதைத் துணியில் வடிகட்டி, வண்டி துடைப்பவரிடம் கொடுத்து, கடைசியாகக் கண்ணாடியை மட்டும் இதில் துடைத்து உலர்துணியால் ஒற்றிவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.